தலைவர் மறைவும் தொலைதூரப் போர்களும்: கே.கே. நகர் ஞாயிறு வகுப்பைப் பற்றி

மதுரை கே.கே. நகரில், போட்டித் தேர்வு மாணவர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு சிறிய மையத்தின் மாடியில், பொதுமக்களும் சேரும்படி ஆறு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடந்த உலக அரசியல் வகுப்பை முழுமையாக முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். நெடுங்காலம் ஆண்ட ஒரு தலைவர் இறந்தால், அவருடைய நாட்டுக்கு வெளியே, எங்கோ தொலைவில் நடக்கும் போர்கள் என்ன ஆகும் என்பதே ஆறு வாரங்களுக்கும் பொருள். கட்டணம் 900 ரூபாய். குறிப்பேடு ஒன்றும் அதில் அடக்கம்.

மேலூரிலிருந்து வாரந்தோறும் பேருந்து ஏறி வந்து போனதற்கு எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் இளைய மகன் ஓமான் நாட்டின் சலாலாவில் வேலை பார்க்கிறான். 2020 ஜனவரியில் சுல்தான் காபூஸ் மறைந்த செய்தி வந்தபோது, ஏமன் எல்லையை ஒட்டிய தோபார் மாகாணத்தில் இருக்கும் பிள்ளைக்கு என்ன நேருமோ என்று வீட்டில் அன்று இரவு யாரும் கண் மூடவில்லை. பக்கத்து நாட்டுப் போர் எல்லை தாண்டி வருமா என்று நாங்கள் கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு வாரங்களும் கொரியாவுக்கே போயின. அந்த இரண்டு மாலைகளுக்காக மட்டுமே கொடுத்த பணம் தகும் என்பேன். வட கொரியாவும் சீனமும் ஒரு பக்கம், தென் கொரியாவும் அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. படையும் மறுபக்கம் என நடந்த கொரியப் போரில், 1951 ஜூலையில் தொடங்கிய சமாதானப் பேச்சு, போர்க்கைதிகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகத் திருப்பி அனுப்பலாமா என்ற ஒரே முடிச்சில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடந்தது. 1952 டிசம்பரில் இந்தியா முன்வைத்த தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றும், மாஸ்கோவும் பீக்கிங்கும் தள்ளிவிட்டன. வட கொரியாவுக்குப் பின்னால் நின்ற சோவியத் தலைவர் ஸ்டாலின் 1953 மார்ச் 5 அன்று இறந்தார். இரண்டே வாரத்தில், மார்ச் 19 அன்று, சோவியத் அமைச்சரவை போரை முடிக்க முடிவெடுத்தது. மாதம் முடிவதற்குள், ஊர் திரும்ப மறுக்கும் கைதிகளை நடுநிலை நாட்டிடம் ஒப்படைக்கலாம் என்று சீனப் பிரதமர் சூ என்லாய் அறிவித்தார். ஜூலை 27 அன்று பன்முன்ஜொம்மில் போர்நிறுத்தம் கையெழுத்தானது.

அந்த இடத்தில் ஆசிரியர் சற்று நின்று, ஒரு சாவால் மட்டும் இது நடந்துவிடவில்லை என்றும், சீனமும் வட கொரியாவும் முன்பே களைத்திருந்தன, அமெரிக்காவில் ஐசனோவர் புதிதாகப் பதவியேற்றிருந்தார் என்றும் எச்சரித்தது எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்கப் படை கொரியாவில் சிக்கிக் கிடப்பதில் ஸ்டாலின் ஆதாயம் கண்டார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கோ உள்நாட்டில் தம் இடத்தை உறுதிசெய்வதே முதல் வேலையாக இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாளாக அந்த ஒரு மனிதரே இருந்ததால்தான், அவர் போனதும் கதவு அசைந்தது. ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளை இந்தியப் படை காவலில் வைத்திருந்ததையும், அதற்கான நடுநிலை ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைமை வகித்ததையும் கேட்டபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதே போரில் நம் கர்னல் ரங்கராஜ் தலைமையில் பணியாற்றிய இந்திய மருத்துவப் படையைப் பற்றியும் ஒரு பத்தியாவது குறிப்பேட்டில் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் போர்ச்சுகல். அந்நாட்டை நெடுங்காலம் ஆண்டு, 1968-இல் மூளை பாதிக்கப்பட்டுப் பதவியிழந்த சர்வாதிகாரி சலாசார் 1970 ஜூலையில் இறந்தார். கோவாவைக் கடைசிவரை விட மறுத்த அவர் போய்விட்டாரே, இனி ஆப்பிரிக்காவில் போர்ச்சுகலின் காலனிகளான அங்கோலா, மொசாம்பிக், போர்ச்சுகீசிய கினி ஆகிய மூன்று இடங்களிலும் விடுதலைப் போர் ஓயும் என்றுதானே எவரும் நினைப்போம்? ஓயவில்லை. அவருக்குப் பின் வந்த கயெட்டானோ அதே போரைத் தொடர்ந்தார். போரில் அலுத்துப்போன இளம் அதிகாரிகள் 1974 ஏப்ரல் 25 அன்று ஆட்சியையே கவிழ்த்த பிறகுதான் அது முடிவுக்கு வந்தது. கொரியாவையும் இதையும் அடுத்தடுத்து வைத்த பாட வரிசையில் ஆசிரியரின் அனுபவம் தெரிகிறது.

நான்காம் வாரம்தான் சறுக்கல். ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பிய சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் 1982-இல் இறந்தும் அங்கிருந்து கடைசி சோவியத் வீரன் வெளியேற 1989 பிப்ரவரி ஆனது ஏன் என்பதையும், 2011 அக்டோபரில் லிபியாவின் கடாஃபி கொல்லப்பட்டபின் அவர் படையிலிருந்த, சகாரா பாலைவன இனத்தவரான துவாரெக் வீரர்கள் ஆயுதங்களோடு மாலிக்குத் திரும்ப, 2012 ஜனவரியில் அங்கே கிளர்ச்சி வெடித்ததையும் ஒரே மாலைக்குள் அடைத்துவிட்டார்கள். ஒருவரின் முடிவு வேறொரு நாட்டில் புதிய போரையே தொடங்கிவைத்த மாலியின் கதைக்குத் தனி வாரம் தந்திருக்கலாம். சகாராவின் வரைபடம் கறுப்பு வெள்ளை நகலில் தெளிவில்லாமல் இருந்ததால், எல்லைகளை நாங்களே பேனாவால் வரைந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஐந்தாம் வாரம் என் வாரம். ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்ட காபூஸுக்குப் பிள்ளை இல்லை. வாரிசின் பெயரை உறையிலிட்டு வைத்திருந்தார். அரச குடும்பம் அதைப் பிரித்து ஹைதம் பின் தாரிக்கை ஏற்றது. 2015-இல் சவூதி தலைமையில் ஏமனில் இறங்கிய கூட்டணியில் ஓமான் சேரவில்லை. எல்லாத் தரப்போடும் பேசும் இடமாகவே இருந்தது. சுல்தான் மாறியும் அந்தப் போக்கு மாறவில்லை என்பதற்கு, 2023 ஏப்ரலில் சவூதிக் குழுவும் ஓமான் குழுவும் ஏமன் தலைநகர் சனா சென்று, அதைக் கைப்பற்றி வைத்திருந்த ஹூதிக் கிளர்ச்சியாளர்களோடு பேசியதை ஆசிரியர் காட்டினார். “ஐயா, அப்படியானால் 2020-இல் நாங்கள் பயந்தது வீண்தானா?” என்று கேட்டேன். “வீணில்லை, ஐயா. தோபாரில் 1975 வரை கிளர்ச்சி நடந்தது, அதற்கு அப்போதைய தெற்கு ஏமன் துணை நின்றது. அந்த நினைவு அங்குள்ளவர்களுக்கும் இருக்கிறது. ஆனால், எல்லாத் தரப்போடும் பேசும் கொள்கை ஒருவருடைய தலையில் மட்டும் இல்லை, அரசின் வழக்கமாகிவிட்டது” என்றார். அன்றிரவு மகனிடம் தொலைபேசியில் இதையே வரிவரியாகச் சொன்னேன்.

ஒரு குறை மட்டும் எனக்கு ஆறவில்லை. மதுரையில் நடக்கும் வகுப்பில் எம்.ஜி.ஆர். இல்லை. 1980-இல் மதுரை மேற்குத் தொகுதியில் வென்று முதல்வரான அவர் 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தபோது, இலங்கையில் இந்தியப் படை விடுதலைப் புலிகளோடு இரண்டு மாதங்களுக்கும் மேலாகப் போரிட்டுக்கொண்டிருந்தது. புலிகளுக்கு இங்கிருந்த பெரிய ஆதரவு அவர். அவர் மறைவு அந்தப் போரை நிறுத்தவில்லை. கொழும்பில் பிரேமதாசாவும் டெல்லியில் வி.பி. சிங்கும் வந்த பிறகே, 1990 மார்ச்சில் படை திரும்பியது. கடல் தாண்டிய போர் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதானே? இறுதி வாரத்தில் நடந்த பொதுக் கலந்துரையாடலின் பாதி நேரத்தை இதற்குக் கொடுத்திருந்தால், கேட்க வந்திருந்த பெரியவர்கள் தம் நினைவுகளையும் சேர்த்திருப்பார்கள்.

மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் சேர வேண்டும். ஐந்தரைக்கு என்று சொன்ன வகுப்பு இரு வாரங்கள் ஆறுக்குத்தான் தொடங்கியது. இடைவேளையில் தந்த சுக்குமல்லிக் காபி நன்றாக இருந்தது. முதன்மைத் தேர்வு எழுதும் பிள்ளைகள் ஆறு வாரமும் தவறாமல் வரலாம். வளைகுடாவில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரணச் செய்திக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என் போன்ற பெற்றோர், ஐந்தாம் வாரத்துக்கு மட்டுமாவது வர வேண்டும். ஒரு வகுப்புக்குத் தனியாக 200 ரூபாய் வாங்குகிறார்கள், முன்பதிவு தேவையில்லை.