நடையா, எடைப் பயிற்சியா: எது பசியைக் கிளப்பும்?

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் உடம்பைக் குறைக்க நினைக்கும் இளம்பெண்கள் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது: ஜிம்முக்குப் போய் வெயிட் தூக்கினால் பசி கூடும், இன்னும் பருத்துவிடுவோம். அதனால் மரைன் டிரைவிலோ காலிமுகத்திடலிலோ நடப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தை நம்பி எடைப் பயிற்சியை ஒதுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

முதலில் பயிற்சி முடிந்த உடனே நடப்பதைப் பார்ப்போம். கடுமையாக ஓடினால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் கொஞ்ச நேரம் இறங்கும். போதும் என்று சொல்லவைக்கும் பி.வை.வை. என்ற இன்னொரு ஹோர்மோன் ஏறும். எடைப் பயிற்சியிலும் கிரெலின் இறங்குவதைக் கண்டிருக்கிறார்கள், பி.வை.வை. மட்டும் பெரிதாக அசைவதில்லை. ஆறுதலான நடையில் இரண்டுமே அவ்வளவாக மாறாது. ஆக, இந்தச் சுற்றில் ஓட்டத்துக்குத்தான் வெற்றி. ஆனால் அந்தப் பசி அடக்கம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். இப்படியான ஆய்வுகளில் பல, மெலிந்த இளம் ஆண்களிடம் செய்யப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது.

கலோரிக் கணக்கில் நடை முன்னுக்கு நிற்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 300 கலோரி செலவாகும். முக்கால் மணி நேர எடைப் பயிற்சியில் 200 அளவில்தான். ஆனால் காலிமுகத்திடலில் நடை முடியும் இடத்திலேயே இறால் வடை வண்டி நிற்கிறது. "இவ்வளவு நடந்தேன்தானே" என்ற நினைப்பில் சாப்பிடுவது பசியால் சாப்பிடுவது அல்ல. ஹோர்மோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜிம் முடிந்து இரவு எட்டு மணிக்குக் கொத்து ரொட்டி வாங்குவதும் இதே வகைதான்.

மூன்றாவது வழி, பயிற்சியே இல்லாமல் சோற்றைக் குறைப்பது. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். அப்படிக் குறையும் எடையில் கால்வாசி வரை கொழுப்பாக இல்லாமல் தசை போன்றவையாக இருக்கலாம். பசியும் சும்மா விடாது: 2011இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில், உணவைக் குறைத்து மெலிந்தவர்களுக்கு ஓராண்டு கழிந்தும் பசி ஹோர்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மாதக் கணக்கில் பார்த்தால் எடைப் பயிற்சியின் அருமை இங்கேதான் தெரிகிறது. உணவைக் குறைக்கும்போது தசை கரையாமல் காப்பதில் நடை அதற்கு ஈடாகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவும் தசை உதவும், பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை சார்ந்த ஹோர்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு இது பெரிய விஷயம். தசை வளர்ந்தால் உட்கார்ந்திருந்தே கொழுப்பு கரையும் என்ற விளம்பரப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குச் சுமார் 13 கலோரிதான். தசை கூடினால் உடம்பு கேட்கும் உணவும் கொஞ்சம் கூடலாம், அதையும் மறைக்கத் தேவையில்லை. அந்தப் பசிக்கு என்ன கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

பின்னேரம் ஜிம்முக்குப் போகிறவர், அதற்கு முன் ஒரு கிண்ணம் அவித்த கடலை சாப்பிட்டால் இரவுப் பசி தணியும். இராச்சாப்பாட்டில் இடியப்பத்தைக் குறைத்து மீனையும் பருப்பையும் கூட்டலாம். இரண்டு முட்டையில் 12 கிராம் அளவு புரதம் இருக்கிறது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பலருக்குப் பசி இயல்பாகவே கூடும். அந்தப் பழியை டம்பெல் மேல் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால், வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி, மற்ற நாட்களில் நடை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கான வேலை. முதல் சில வாரம் தராசு அசையாமல் இருக்கலாம். அப்போது இடுப்பை அளந்து பாருங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது நல்லது.