பேப்பர் கட்டணத்துக்கு எந்த வரம்பு? ஐந்தில் நான் நான்காவதைக் கேட்ட காரணம்

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச்., 2025 ஜூலை இறுதியில் ஆய்வாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. ஆய்வுக் கட்டுரையை (பேப்பரை) வெளியிட மானியப் பணத்திலிருந்து ஆய்விதழ்களுக்குப் போகும் வெளியீட்டுக் கட்டணத்துக்கு எப்படி வரம்பு வைக்கலாம்? பதில் அனுப்ப செப்டம்பர் 15 வரை அவகாசம் இருந்தது. ஐந்து வழிகளை அவர்களே எழுதித் தந்திருந்தார்கள். எங்களுடையது ஒரே மானியத்தில் ஓடும் சிறிய ஆய்வகம். பழைய பில்களை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நான்காவது வழியை ஆதரித்து எழுதி அனுப்பினேன்.

வரம்பே கூடாது என்று எழுதிய நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சில இதழ்கள் ஒரு கட்டுரைக்கு 13,000 டாலர் வரை வாங்குகின்றன. அது மக்களின் வரிப்பணம்.

முதல் வழி, ஒரு டாலர்கூடத் தராமல் நிறுத்திவிடுவது. நினைக்கும் அளவுக்கு இது கொடுமையானது அல்ல. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளின் கைப்பிரதி (இதழ் ஏற்றுக்கொண்ட இறுதி வடிவம்), இதழில் வெளியாகும் நாளிலேயே என்.ஐ.எச்.சின் இணையக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது விதி. வாசிப்பவர்கள் சந்தா கட்டும் இதழில் வெளியிட்டுக் கைப்பிரதியை அங்கே ஏற்றினால் போதும், கட்டணம் கட்டாமலே விதி நிறைவேறிவிடும். ஆனால் சந்தாவே இல்லாமல், கட்டுரை எழுதியவர் கட்டும் பணத்தில் மட்டும் நடக்கும் நல்ல இதழ்களின் கதவு எங்களுக்கு மூடிவிடும். அதனால் இதை விட்டேன்.

இரண்டாவது, ஒரு கட்டுரைக்கு 2,000 டாலர் உச்சவரம்பு. மூன்றாவது, மதிப்பாய்வாளர்களுக்கு (வெளியிடும் முன் கட்டுரையைப் படித்துத் தரம் பார்க்கும் சக ஆய்வாளர்களுக்கு) ஊதியம் தரும் இதழென்றால் 3,000 வரை. மதிப்பாய்வுக்குப் பணம் தருவது நியாயம்தான். ஆனால் நான் இதுவரை செய்த எந்த மதிப்பாய்வுக்கும் பணம் வாங்கியதில்லை. பணம் தந்தால் மதிப்பாய்வின் தரம் கூடுமா குறையுமா என்று அனுபவத்தை வைத்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

நான்காவது வழி, கட்டுரைக்கு இத்தனை என்று பார்ப்பதில்லை. மானியம் முழுவதற்கும் சேர்த்து ஒரு தொகை: நேரடிச் செலவில் (நிறுவனத்தின் பொது நிர்வாகச் செலவு நீங்கலாக, ஆய்வுக்கே ஆகும் செலவில்) 0.8 சதவீதம் அல்லது 20,000 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. ஆண்டுக்கு 2,50,000 டாலர் நேரடிச் செலவு வீதம் ஐந்தாண்டு மானியம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,50,000. அதில் 0.8 சதவீதம் 10,000தான், எனவே 20,000 கிடைக்கும். 25 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் சதவீதக் கணக்கே வேலைக்கு வரும். அதாவது, இந்த வழி சிறிய ஆய்வகத்துக்குச் சாதகமானது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொரு விஷயம். விலை யார் கண்ணில் படுகிறது? கட்டுரைக்கு 2,000 என்று வைத்தால், அதற்குள் வரும் எந்த இதழும் எனக்கு ஒன்றுதான். 1,400 வாங்கும் இதழையும் 2,000 வாங்கும் இதழையும் நான் ஒப்பிட்டுப் பார்க்கவே மாட்டேன். நாளடைவில் 1,400 வாங்கியவரும் 2,000க்கு வந்துவிடுவார், உச்சவரம்பே விலையாகிவிடும். அப்புறம், எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை. ஒரே ஆய்வை நான்காக அறுத்து நான்கு பேப்பராகப் போட்டால், நான்குக்கும் பணம் கிடைக்கும். எங்கள் துறையில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இது தீனி போடும். மொத்தத் தொகை என்றால், இன்று மிச்சம் பிடிக்கும் 600 டாலர் அடுத்த பேப்பருக்கு என் கையிலேயே இருக்கும். முழுமையான ஒரு பேப்பருக்கு 5,000 தேவைப்பட்டால் தரலாம், மீதி 15,000 இருக்கிறது. எது அந்தப் பணத்துக்குத் தகும் என்று ஒவ்வொரு முறையும் நாங்களே உட்கார்ந்து பேசியாக வேண்டும். போன முறை எங்கள் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் கட்டணம் எவ்வளவு என்றே கேட்டோம். மாணவி ஆறு மாதம் காத்திருந்த கட்டுரை அது. அந்த நிலையில் யாரும் பேரம் பேச மாட்டார்கள், நாங்களும் பேசவில்லை.

ஐந்தாவது வழி, இதே மொத்தத் தொகையோடு கட்டுரைக்கு 6,000 டாலர் என்ற உச்சவரம்பையும் சேர்க்கிறது. இதுவும் எனக்குச் சரிதான். இரண்டாவது விருப்பமாக அதையே எழுதினேன். பல மானியங்களைச் சேர்த்து ஒரே ஆண்டில் ஐம்பது, அறுபது கட்டுரை போடும் பெரிய மையங்களுக்கு நான்காவது எப்படிப் பொருந்தும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை. அங்கே வேலை செய்பவர்கள்தான் அவர்கள் பக்கத்தைச் சொல்ல முடியும்.

ஒரு குறை ஐந்திலும் இருக்கிறது. மானியம் முடிந்ததும் இறுதிக் கணக்கை ஒப்படைக்க 120 நாள்தான் கொடுக்கிறார்கள். வெளியீட்டுக் கட்டணத்தை அதற்குள் காட்டினால் ஏற்பார்கள். நல்ல பேப்பர்களோ பெரும்பாலும் அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான் ஏற்கப்படுகின்றன. மொத்தத் தொகையில் மிஞ்சுவதை இன்னும் இரண்டு ஆண்டுகள் தொட அனுமதியுங்கள் என்று கடைசிப் பத்தியில் கேட்டிருக்கிறேன். அந்த மாணவியின் அடுத்த பேப்பர் வரும்போது எங்கள் மானியம் முடிந்திருக்கும்.