நாற்பது கூடைப் பந்துகள்: அகாசியின் ‘ஓப்பன்’

மகளை டென்னிஸ் பயிற்சிக்கு அழைத்துப்போனால் எனக்குக் காலரியில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்காரும் வேலை. வழக்கமாகக் கைப்பேசியோடு கழியும். சென்ற மாதம் பழைய புத்தகக் கடையில் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் சுயசரிதை ‘ஓப்பன்’ கிடைத்ததால் கைப்பேசி பையிலேயே இருந்தது. 2009இல் வந்த புத்தகம், நான் தாமதம்தான்.

1992 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் அவர் இவானிசெவிச்சை ஐந்து செட்களில் வென்றதைப் பார்த்துவிட்டுத் தலைமுடி வளர்க்கத் தொடங்கி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆகவே முதலில் தேடிப் படித்தது முடிக்கதையை. 1990 பிரெஞ்ச் ஓப்பன் இறுதியாட்டத்துக்கு முந்தைய இரவு, குளிக்கும்போது அவருடைய பொய்முடி கையோடு பிய்ந்து வருகிறது. அண்ணனும் தம்பியுமாகக் கொண்டை ஊசிகளைக் குத்தி அதை நிறுத்துகிறார்கள். மறுநாள் களத்தில் அவர் வேண்டிக்கொண்டது வெற்றிக்காக அல்ல, முடி விழுந்துவிடக் கூடாதே என்றுதான். எதிரே ஆடிய கோமஸிடம் தோற்கிறார். காலரியில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கை அம்மா திரும்பிப் பார்த்தார்.

சிரிப்பு அதோடு சரி. ஈரானுக்காக ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை போட்ட அகாசியின் அப்பா, லாஸ் வேகாஸ் வீட்டின் பின்புறம் தன் கையாலேயே களம் அமைத்து, பந்தெறியும் இயந்திரத்தைப் பிரித்து மேய்ந்து வேகத்தை மணிக்கு 110 மைலுக்கு ஏற்றுகிறார். வலையையும் விதியைவிட ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டுகிறார். எதிரில் ஏழு வயதுப் பையன். அவன் அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் ‘டிராகன்’. நாளைக்கு 2,500 பந்து அடித்தால் வருடத்துக்குக் கிட்டத்தட்டப் பத்து லட்சம். பத்து லட்சம் பந்து அடிக்கிற பிள்ளையை யாராலும் வெல்ல முடியாது. இதுதான் அப்பாவின் கணக்கு.

புத்தகத்தை மடித்துவிட்டுக் களத்தைப் பார்த்தேன். எங்கள் பயிற்சியாளரின் கூடையில் அறுபது பந்துகள் இருக்கும். 2,500 என்றால் நாற்பது கூடைக்கும் மேல். மகள் இரண்டாவது கூடையிலேயே தண்ணீர் குடிக்க ஓடிவருகிறாள். முந்தின வாரம்தான் ‘இன்னும் ஒரு கூடை அடி’ என்று அவளை விரட்டியிருந்தேன்.

பெருமைக்குரிய பொய்யர் அகாசி. 1997இல் போதைப்பொருள் சோதனையில் சிக்கியபோது, உதவியாளரின் கோப்பையிலிருந்து தெரியாமல் குடித்துவிட்டதாகக் கடிதம் எழுதித் தப்பித்ததை அவரே சொல்கிறார். அந்த வருடம் தரவரிசையில் 141ஆம் இடத்துக்கு விழுந்தவர், 1999இல் பாரிஸில் கோப்பையைத் தூக்கி கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளையும் வென்று முடிக்கிறார். கார் நிறுத்துமிடப் பையனுக்கு அவருடைய பரம எதிராளி சாம்ப்ராஸ் ஒரே ஒரு டாலர் டிப்ஸ் கொடுத்த கதை மட்டும் அற்பம். தன் குட்டை உடைப்பது துணிச்சல். அடுத்தவர் கஞ்சத்தனத்தை அச்சேற்ற என்ன துணிச்சல் வேண்டும்?

டென்னிஸை வெறுக்கிறேன் என்று பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை சொல்கிறார். நான் நம்பவில்லை. 2006 யுஎஸ் ஓப்பனில் முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டு பாக்தாத்திஸோடு ஐந்து செட் ஆடியதை, ஆட்டம் முடிந்தபின் இருவரும் அருகருகே சிகிச்சை மேசைகளில் கிடந்ததை விவரிக்கிற இடத்தில் வெறுப்பு எங்கே இருக்கிறது?

எழுத்துக்கான பாராட்டில் பாதி, அகாசிக்காக இதை எழுதிக்கொடுத்த ஜே. ஆர். மோரிங்கருக்குப் போக வேண்டும். அட்டையில் அவர் பெயர் கிடையாது. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். நிகழ்காலத்தில், மேற்கோள் குறியே இல்லாமல் ஓடும் நடை, ஆங்கிலம் எளிது. கடைசி நூறு பக்கம் தொய்வு. மனைவி ஸ்டெஃபி, குழந்தைகள், அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் என்று எல்லாம் நல்லபடியாக நடக்கும்போது எனக்குக் கொட்டாவி வந்தது.

அட்டையில் அவருடைய மொட்டைத் தலை படம். பயிற்சி முடிந்து வந்த மகள் பார்த்துவிட்டு, “அப்பா, இவருக்கு முடியே இல்லையா?” என்றாள். பொய்முடிக் கதையை வீடு வரும்வரை சொன்னேன். டிராகன் கதையை இன்னும் சொல்லவில்லை.