பழைய லாரிக்கு லீவர் கிரீஸ் கன்: வாங்கலாம், மூக்கை மட்டும் மாற்றிவிடுங்கள்

வாட்டர் சர்வீஸ் ஷெட்டில் காற்று பம்பால் எல்லா நிப்பிளுக்கும் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) ஒரே வேகத்தில் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே போனதா, ஓரத்தில் வழிந்ததா என்று அடிப்பவருக்கே தெரியாது. 500 கிராம் பிடிக்கும், கையால் அமுக்கி அடிக்கும் லீவர் கன் இந்த இடத்தில்தான் காசுக்கு வேலை செய்கிறது. நிப்பிள் அடைத்திருந்தால் கைப்பிடி கல்லாக நிற்கும். புஷ் (பின் எனும் அச்சாணியைச் சுற்றியிருக்கும் உறை) தேய்ந்திருந்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். ஆற்காடு, காட்பாடி பக்கம் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றும் பழைய டாட்டா 1613, லேலண்ட் வண்டிகளில் குவாரித் தூசு கிரீஸோடு கலந்து உப்புத்தாள் மாதிரி பின்னை அரைக்கும். கறுத்த கிரீஸ் போய்ப் புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும், அதற்குக் கை உணர்வு வேண்டும்.

கன்னோடு வரும் கப்ளர்தான், அதாவது நிப்பிளைக் கவ்வும் மூக்குதான், மட்டம். நாலு தாடையும் சீக்கிரம் தளர்ந்து, நிப்பிளைக் கவ்வாமல் பக்கவாட்டில் கக்கும். வாங்கும்போதே நல்ல கப்ளர் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். கழற்றும்போது நேராக இழுக்காமல் சாய்த்து எடுத்தால் தாடை உழைக்கும். கூட வரும் இரும்புக் குழாய் ஸ்பிரிங் பின்னுக்குப் போதும். கியர்பாக்ஸுக்குப் பின்னால், ஷாஃப்ட்டை இணைக்கும் சிலுவை மூட்டான கிராஸுக்கு அது எட்டாது, ஒன்றரை அடி ஹோஸ் (வளையும் குழாய்) வேண்டும். ஹோஸ் போட்டால் கப்ளரைப் பிடிக்க இன்னொரு கை தேவைப்படும், கிளீனரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒரு அமுக்குக்கு ஏறத்தாழ 1 கிராம் வரும். பத்து தடவை ஒரு காகிதத்தில் அடித்துத் தராசில் வையுங்கள். பாதிகூட இல்லையென்றால் உள்ளே காற்று. கன்னின் தலையை இரண்டு சுற்றுத் தளர்த்தி, பின்பக்கம் நீட்டியிருக்கும் தண்டைத் தள்ளிக்கொண்டே அடித்தால் காற்று போகும்.

முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னுக்கு அடிக்கும்போது முன் ஆக்ஸிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுத்து, சக்கரம் தொங்க வேண்டும். வண்டி எடை கிங் பின்மேல் உட்கார்ந்திருந்தால் அழுத்தம் விழும் பக்கத்துக்கே கிரீஸ் போகாது, எத்தனை அடித்தாலும் வீண். பாதி அடித்ததும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, மீதியை அடியுங்கள். ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பின்னுக்கும் இதே கணக்கு: லோடு இல்லாமல், சேஸிஸைத் தூக்கி அடிக்க வேண்டும். கிராஸின் நாலு முனையிலும் மூடியிருக்கும் கப்பில் கிரீஸ் தெரிய வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையென்றால் அந்தக் கப்பின் ஊசி பேரிங் காய்கிறது. ஷாஃப்ட்டைச் சற்றுத் திருப்பி மறுபடி பாருங்கள், அப்போதும் வராவிட்டால் கிராஸைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது.

தாராளம் காட்டக் கூடாத இடங்களும் உண்டு. கிளட்ச் ஷாஃப்ட்டுக்கும் பிரேக் கேம் ஷாஃப்ட்டுக்கும் இரண்டு அமுக்கு போதும். மிஞ்சினால் கிளட்ச் பிளேட்டிலும் பிரேக் லைனிங்கிலும் இறங்கி வழுக்கும். சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் பேரிங்குக்குக் கன்னே வேண்டாம், கழற்றிக் கையால் திணிக்க வேண்டிய வேலை அது.

அடைத்த நிப்பிளோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஹோஸ் கிழிந்தால் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும், நேரே ஆஸ்பத்திரிதான். நிப்பிளைக் கழற்றிப் புதுசு போடுங்கள். எம்8, எம்10 என்று மரை மாறும், பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது உத்தமம்.

கிரீஸ் லித்தியம் இபி-2 (கனமான அழுத்தம் தாங்கும் வகை) போதும். நிறம் வெறும் சாயம், அதைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் கன்னின் பின்பக்கத் தண்டை இழுத்துப் பூட்டி வையுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தோடு கேபினில் போட்டுவைத்தால் வேலூர் மே மாத வெயிலுக்கு எண்ணெய் தனியாகப் பிரிந்து சீட்டுக்கடியில் ஒழுகும்.