58 வெள்ளி டிக்கெட்: செந்தோசா கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள், சிங்கப்பூர் செந்தோசாத் தீவிலிருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும், எங்காவது மலிவாக டிக்கெட் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தேடுங்கள். நான் ஏமாந்தது 232 வெள்ளி, சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே வெள்ளி என்போம். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது இரண்டு வாரத்து மளிகைக் காசு.

அரையாண்டு விடுமுறைக்குத் தஞ்சாவூரிலிருந்து தங்கை, அவள் வீட்டுக்காரர், எல்கேஜி படிக்கும் யாழினி, கூடவே அம்மா. நாலு பேரும் திருச்சியில் விமானம் ஏறி வந்தார்கள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வீடியோ காலில் யாழினிக்கு ஒரே கேள்வி: "பெரியம்மா, அந்த உருண்டை நெசமாவே சுத்துமா?" பூங்கா வாசலில் புகை சூழச் சுழலுமே, அந்தப் பெரிய பூமி உருண்டை. சுத்தும்டி, நீயே வந்து பாரு என்று நானும் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டிருந்தேன்.

ஒருநாள் டிக்கெட் பெரியவருக்கு 80 வெள்ளிக்கு மேல், குழந்தைக்கு 60க்கு மேல். என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. மீதி நான்கு பெரியவர், ஒரு குழந்தை என்று கூட்டிப் பார்த்தால் 400 வெள்ளி கிட்ட வந்தது. சாப்பாடு, தண்ணீர், பொம்மைக்கடையில் குழந்தை பிடிக்கப்போகும் அடம் எல்லாம் அதற்கு மேல். அப்போதுதான் அந்தக் குழு ஞாபகம் வந்தது.

கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி எப்போதோ என்னைச் சேர்த்துவிட்ட தமிழ்க் குழு அது. பழைய சைக்கிள், இட்லிக் குக்கர், ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள் விற்கும் ஃபிரிட்ஜ் என்று நாள் முழுக்க ஏதாவது வந்துகொண்டிருக்கும். நானே அங்கே குழந்தைக் கட்டில் ஒன்று வாங்கியிருக்கிறேன், நல்ல கட்டில். அதே குழுவில்தான் ஒருவர் யுனிவர்சல் டிக்கெட் 58 வெள்ளி என்று போட்டிருந்தார். முகப்புப் படத்தில் பத்துமலை முருகன்.

தனியாக மெசேஜ் அனுப்பினேன். "வணக்கம்க்கா. கம்பெனி ஃபேமிலி டேக்கு மொத்தமா எடுத்தோம், நாலஞ்சு மிச்சம் இருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான் குடுக்குறேன்" என்றார். நாங்க தஞ்சாவூர் என்றேன். "அட, நான் கும்பகோணம்க்கா!" என்று உடனே பதில். எனக்கு ஒரே சந்தோஷம். ஊரை முதலில் சொன்னது நான், அதைக் கேட்ட பிறகுதான் அவருக்குக் கும்பகோணம் வந்தது என்பது இரண்டு வாரம் கழித்து ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. காரைக்குடி என்று சொல்லியிருந்தால் அவர் தேவகோட்டைக்காரராகியிருப்பார்.

பாப்பாவுக்கு என்ன வயசு என்று கேட்டார். நாலு முடிந்து இரண்டு மாதம் என்றேன். "நாலு வயசுக்குக் கீழ ஃப்ரீக்கா. மூணுன்னு சொல்லிடுங்க, யாரும் பாஸ்போர்ட் பாக்க மாட்டாங்க." இந்த இடத்தில் நான் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. சரி என்று தலையாட்டினேன். ஒரு டிக்கெட் காசு மிச்சம் என்று கணக்கும் போட்டுக்கொண்டேன்.

அடுத்துதான் முக்கியமான இடம். போன் எண்ணை வைத்தே வங்கியிலிருந்து பணம் அனுப்புகிற பேநவ் வசதியில், எண்ணை அடித்ததும் பணம் யாருக்குப் போகிறது என்று திரையில் பெயர் வரும் இல்லையா? அதில் வந்தது அவர் பெயர் இல்லை. ஒரு பெண் பெயர், அதுவும் தமிழ்ப் பெயரே இல்லை. கேட்டேன். "ஒய்ஃப் அக்கவுண்ட்க்கா, என்னோடது லிமிட் முடிஞ்சிடுச்சு." நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சிங்கப்பூரில் இதெல்லாம் சகஜம், காதல் கல்யாணம் போலிருக்கிறது, நல்லா இருக்கட்டும். வாழ்த்திக்கொண்டேதான் பட்டனை அழுத்தினேன்.

பணம் போன ஐந்தாவது நிமிடம் நான்கு பிடிஎஃப் வந்தன. லோகோ, தேதி, கியூஆர் கட்டம், கீழே பொடி எழுத்தில் விதிமுறைகள். எந்தக் குறையும் சொல்ல முடியாது.

அன்று காலை விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஆளுக்கு 4 வெள்ளி தட்டி ஏறினோம். உருண்டை சுற்றியது. யாழினி அதன் முன்னால் வாயைப் பிளந்தபடி நிற்கும் படம்தான் அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல படம். பிறகு வாசலுக்குப் போனோம்.

அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் முதலில் விட்டோம். அவருடைய கியூஆர் கட்டத்தை வைத்தேன், பச்சை விளக்கு, தடுப்பு திறந்தது, அம்மா உள்ளே போய்விட்டார். அடுத்து தங்கை. சிவப்பு. திரை வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி வைத்தேன். சிவப்பு. அவள் வீட்டுக்காரருக்கும் சிவப்பு, எனக்கும் சிவப்பு. பின்னால் வரிசை நெளிகிறது. பணியிலிருந்த பெண் கையிலிருந்த கருவியில் எண்ணைப் பார்த்துவிட்டு, தன்மையாகத்தான் சொன்னாள்: இந்த மூன்றிலும் காலையிலேயே வேறு யாரோ நுழைந்துவிட்டார்கள்.

ஏமாந்தது எனக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை. எனக்கு ஓடியதெல்லாம் அம்மா உள்ளே நிற்கிறாரே என்பதுதான். அவரிடம் போன் கிடையாது. தடுப்புக்கு அந்தப் பக்கம், கோயிலில் சுண்டல் வாங்க நிற்பவர் மாதிரி கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாழினி தங்கை இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மாச்சி மட்டும் போயிட்டாங்க! என்னைய விட்டுட்டுப் போயிட்டாங்க!" என்று பெரிய குரலில் அழ ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை.

வாடிக்கையாளர் சேவை முகப்புக்குப் போனால் எங்களுக்கு முன்னால் இன்னொரு குடும்பம், பிலிப்பினோ தம்பதி, இரண்டு பையன்கள். அவர்கள் போனிலும் அதே பிடிஎஃப். அந்த அம்மாவும் நானும் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு டிக்கெட்டின் எண் கடைசி இலக்கம் வரை ஒன்றே. விற்கும் வித்தை அங்கே நின்றபோதுதான் விளங்கியது. நிஜமான டிக்கெட்டின் படத்தைப் பத்துப் பேருக்கு விற்கிறார்கள். யார் முதலில் வாசலுக்கு வருகிறாரோ அவருக்குப் பச்சை, மற்றவர்களுக்குச் சிவப்பு. டிக்கெட் போலி இல்லை என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அவர்களுக்கு விற்றவர் தமிழில் பேசவில்லை, அவர்கள் ஊர் மொழியான தகாலோகில் பேசியிருக்கிறார். முகப்புப் படத்தில் தேவமாதா.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு அப்படியே வீடு திரும்ப முடியுமா? புதிதாக டிக்கெட் எடுக்கக் கவுண்டருக்குப் போனோம். அங்கே விலைப்பலகையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தனிக் கட்டணம். அம்மாவுக்கு 64. நான் அந்த ஆளுக்குக் கொடுத்ததைவிடக் கவுண்டரிலேயே குறைவு! அந்தப் பலகையை வீட்டிலேயே இணையத்தில் பார்த்திருக்கலாம். மலிவு என்றதும் அசல் விலையைப் போய்ப் பார்க்கவே தோன்றவில்லை. குழந்தைக்கு என்ன வயது என்று கவுண்டரில் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி கண்ணீரும் மூக்குமாக நான்கு விரலைத் தூக்கிக் காட்டினாள். முழுக் காசு கட்டினேன்.

வரிசையில் நின்றபடியே அந்த ஆளுக்கு மெசேஜ் போட்டிருந்தேன். ஓடிப்போயிருப்பார் என்று நினைத்தால், உடனே பதில்! "ஐயோ அக்கா, சிஸ்டம் எரர். பாப்பா அழுவுதா? முழுக் காசும் இப்பவே திருப்பித் தர்றேன். மொத்த ஆர்டரை கேன்சல் பண்ண 100 வெள்ளி டெபாசிட் கேக்குறாங்க, நீங்க போட்டீங்கன்னா 332ஆ வந்துடும்." வேறொரு எண் கொடுத்தார். நம்பமாட்டீர்கள், நான் அந்த எண்ணை அடித்துவிட்டேன். இன்னொரு பெயர் வந்தது. தங்கை வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, இவருக்கு எத்தனை ஒய்ஃப்?" என்றார். அந்த ஒரு கேள்விதான் மீதி 100 வெள்ளியைக் காப்பாற்றியது. பணம் அனுப்பமாட்டேன் என்று தட்டியதும் என்னை பிளாக் செய்துவிட்டார், குழுவிலிருந்தும் காணோம்.

உள்ளே போன கதை சுருக்கம்தான். யாழினி 98 செண்டிமீட்டர். டைனோசர் படகுக்கு 107 வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. அளவுகோல் பக்கத்தில் குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள், நடக்கவில்லை. 92 போதும் என்கிற டிராகன் ரயிலில் மூன்று முறை ஏறினாள். குழந்தையோடு போகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி உயரம் பார்த்துவிட்டுப் போங்கள், இது மோசடிக்குச் சம்பந்தமில்லாத புத்திமதி.

இரவு 1799க்கு அழைத்தேன். மோசடித் தடுப்பு உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். சந்தேகம் வந்தால் பணம் அனுப்புவதற்கு முன்பே இதில் கேட்கலாம் என்பது எனக்கு அனுப்பிய பிறகுதான் தெரியும். பிறகு வங்கி. பேநவ் பணம் நொடியில் அடுத்தவர் கணக்குக்குப் போய்விடுகிறது, இழுத்துப் பிடிக்க முடியாது என்றார்கள். சிங்பாஸ் என்கிற அரசு மின்னடையாளம் வழியாக இணையத்திலேயே போலீஸ் புகார் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் அடுத்த இடி. உரையாடல் பாதி காணோம்! 24 மணி நேரத்தில் மெசேஜ் தானாக அழியும்படி அந்த ஆள் முதல் நாளே வைத்திருக்கிறார். "மெசேஜ் மறையும்" என்று மேலே சின்ன எழுத்தில் வந்ததை நான் விளம்பரம் மாதிரி தாண்டிப் போயிருக்கிறேன். விலை நன்றாக இருக்கிறதே என்று தங்கைக்கு அனுப்பிய இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும், வங்கிப் பரிவர்த்தனை எண்ணும்தான் மிஞ்சின.

அந்தப் "பெண்டாட்டி" யார் என்று கேட்கிறீர்களா? கணக்கை வாடகைக்கு விட்டவளாக இருக்கலாம். கொஞ்சம் காசுக்காக வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ அடுத்தவர் கையில் கொடுக்கிறவர்கள் இங்கே உண்டு. 2025 நவம்பரில் மோசடிக்காரர்களுக்குப் பிரம்படியைக் கட்டாயமாக்கி நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியதே, அதில் கணக்கு கொடுத்து உதவுகிறவர்களுக்கும் பிரம்படி விதிக்க இடம் உண்டு. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடியில் பறிபோனது 110 கோடி வெள்ளி. அந்தச் செய்தியைப் படித்தபோது, யார் இப்படியெல்லாம் ஏமாறுகிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் சிரித்தவள் நான்.

விற்பவர் நிஜமானவராக இருந்தால் திரையில் வரும் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருக்கும். இல்லையென்றால் என்ன விளக்கம் சொன்னாலும், எந்த ஊர்க்காரர் என்றாலும் போனைக் கீழே வையுங்கள். டிக்கெட்டைப் பூங்காவின் சொந்தத் தளத்திலோ அதிகாரபூர்வ முகவரிடமோ எடுத்தால் சில நேரம் சில வெள்ளி குறையவும் செய்யும்.

நேற்று அதே குழுவில் புது ஆள் ஒருவர், படத்தில் பிள்ளையார், "நம்ம ஆளுங்களுக்கு மட்டும், 54 வெள்ளி" என்று போட்டிருக்கிறார். குழுவை நடத்துகிறவருக்குச் சொல்லிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. ஏற்கெனவே காசு அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் இப்போதே உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். நாளைக்கு அது அங்கே இருக்காது.