ஸ்பைருலினாவா, குளோரெல்லாவா?

இரண்டும் நுண்பாசி என்ற பெயரில் சத்துணவாக விற்கப்படும் பச்சைப் பொடி. இரண்டிலும் உலர் எடையில் ஏறத்தாழ பாதிக்கு மேல் புரதம். ஆனால் ஸ்பைருலினா உண்மையில் பாசி அல்ல, நீலப்பச்சை பாக்டீரியா. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இல்லை. அதனால் எளிதில் செரிக்கிறது. குளோரெல்லாவின் சுவரோ கெட்டி. ஆலையில் உடைத்துத் தராவிட்டால் சத்தில் நல்ல பங்கு உடலில் சேராமலே போய்விடும்.

வளர்ப்பிலும் ஸ்பைருலினாவுக்கே என் ஓட்டு. பி.எச். 9-க்கு மேலான காரநீரில் அது செழிக்கிறது. வேறு நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அங்கே தலைகாட்டுவதில்லை. சுருள் இழையாக இருப்பதால் துணியிலேயே வடிகட்டிவிடலாம். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாக அதை அள்ளி, மணலில் காயவைத்து, 'திஹே' என்ற வில்லைகளாக்குகிறார்கள். சில மைக்ரான் அளவே உள்ள உருண்டையான குளோரெல்லாவைப் பிரிக்கப் பொதுவாக மையவிலக்கு இயந்திரம் வேண்டும், மின்சாரமும் செலவாகும். விளைநிலம் இரண்டுக்குமே தேவையில்லை.

விளம்பரங்களை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். ஸ்பைருலினாவில் இருக்கும் வைட்டமின் பி12-இல் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்; சைவ உணவுக்காரர்கள் அதை நம்பியிருக்கக் கூடாது. புரதமும், 5 கிராம் பொடியில் சுமார் 3 கிராம்தான். சுவையைக் கேட்கிறீர்களா? இரண்டிலும் குளத்து வாடைதான்.