கணவர் ஃப்ளோரிடாவில், மனைவி நியூ ஜெர்சியில்: வரித் தாக்கலில் ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் கணவர் ஒரு மாநிலத்திலும் மனைவி இன்னொரு மாநிலத்திலும் வேலை பார்க்கும் நம்மவர் குடும்பங்கள் ஏராளம். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு நினைத்தவுடன் ஊர் மாறவும் முடியாது. இப்படிப்பட்ட தம்பதிகளிடம் "நான் டாக்ஸ் ஃபைல் பண்ணித் தர்றேன்" என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில். கணவர் திருமணத்துக்கு முன்பிருந்தே ஃப்ளோரிடாவில் டாம்பாவில் இருக்கிறார். அவருடைய வேலை, வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் எல்லாமே அங்கேதான். எங்களுக்கு 2024-ல் திருமணம் ஆனது. அந்த வருடத்துக்குத்தான் முதல் முறையாகச் சேர்ந்து தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. எனக்குச் சம்பளம் சுமார் 95,000 டாலர், அவருக்கு 1,10,000. ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது என்பதை இங்கே கவனியுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

தமிழர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பலர் சிபாரிசு செய்த ஒருவரிடம் போனோம். அலுவலகம் கிடையாது, எல்லாம் ஃபோனில்தான். "ரெண்டு வீடு வச்சிருக்கீங்க, ஃப்ளைட்ல போய் வர்றீங்க, அதுக்கெல்லாம் டிடக்‌ஷன் இருக்கும்மா. நான் பாத்துக்கிறேன்" என்றார். கட்டணம், வரும் ரீஃபண்டில் 15 விழுக்காடு. ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் போகாதீர்கள் என்று மத்திய அரசின் வரித் துறையான ஐஆர்எஸ்ஸே வருடா வருடம் எச்சரிக்கிறது. ரீஃபண்ட் எவ்வளவு ஊதிப் பெருக்கப்படுகிறதோ, அவருக்கும் அவ்வளவு கிடைக்கும் அல்லவா?

முதலில் நியூ ஜெர்சி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு வேறு மாநிலத்தில் இருந்தாலும் டிசம்பர் 31 அன்று நீங்கள் கணவன் மனைவி என்றால் ஃபெடரலில், அதாவது மத்திய அரசு வரியில், சேர்ந்தே தாக்கல் செய்யலாம். பெரும்பாலான தம்பதிகளுக்கு அதுதான் லாபம். ஆனால் ஃபெடரலில் சேர்ந்து போட்டதால் மாநிலத்திலும் சேர்ந்துதான் போட வேண்டும் என்பதில்லை. தம்பதியில் ஒருவர் வருடம் முழுக்க நியூ ஜெர்சிவாசி, மற்றவர் வருடம் முழுக்க வெளி மாநிலத்தவர் என்றால், நியூ ஜெர்சியில் இருப்பவர் தன் வருமானத்தை மட்டும் காட்டித் தனியாகத் தாக்கல் செய்யலாம். மாநிலத்தின் படிவ விளக்கக் குறிப்பிலேயே இது இருக்கிறது. சேர்ந்து போட்டால் இருவருமே நியூ ஜெர்சிவாசிகள் என்று எடுத்துக்கொண்டு மொத்த வருமானத்துக்கும் வரி போடுவார்கள்.

அவர் செய்தது இந்த இரண்டாவதை. என் சம்பளத்துக்கு மட்டும் என்றால் மாநில வரி சுமார் 3,900 டாலர் வந்திருக்கும். டாம்பாவில் சம்பாதித்த என் கணவரின் சம்பளத்தையும் சேர்த்ததில் அது சுமார் 8,900 ஆகிவிட்டது. வேறு மாநிலத்தில் கட்டிய வரிக்கு இங்கே கழிவு கேட்கலாம்தான். ஆனால் ஃப்ளோரிடாவில் கட்டிய வரியே இல்லாதபோது எதைக் காட்டிக் கழிவு கேட்பது? கிட்டத்தட்ட 5,000 டாலர் வீணாகப் போனது. "ஏன் இவ்வளவு வருது?" என்று அப்போதே கேட்டேன். "நியூ ஜெர்சி அப்படித்தாம்மா, ஃபெடரல்ல வர்ற ரீஃபண்ட வச்சுக் கட்டிடுங்க" என்று பதில் வந்தது.

அந்த ஃபெடரல் ரீஃபண்ட் எப்படி வந்தது என்பது அதைவிட மோசம். சொந்தத் தொழிலின் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி என்ற படிவத்தில் என் கணவர் பெயரில் இல்லாத ஒரு 'கன்சல்டிங்' தொழிலை உருவாக்கி, டாம்பா வீட்டு வாடகையையும் விமான டிக்கெட்டுகளையும் தொழில் செலவாக எழுதி, 18,000 டாலர் நஷ்டம் காட்டியிருக்கிறார். எங்கள் வருமானத்துக்கு 22 விழுக்காடு வரி அடுக்கு. ஆக, சுமார் 4,000 டாலர் பொய்யான ரீஃபண்ட். சம்பளக்காரர்கள் வேலைக்காகக் கைக்காசு போட்டுச் செய்யும் செலவுகளை 2018 முதல் ஃபெடரலில் கழிக்கவே முடியாது. அதற்கு முன்பும்கூட, நிரந்தர வேலை இருக்கும் ஊரின் வாடகையும், அங்கிருந்து மனைவியைப் பார்க்க வரும் டிக்கெட்டும் தனிப்பட்ட செலவுதான். 'இரண்டு வீட்டுச் செலவுக்கு டிடக்‌ஷன்' என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அவர் அனுப்பியது 1040 என்ற ஃபெடரல் வரிப் படிவத்தின் முதல் இரண்டு பக்கம் மட்டும். ஷெட்யூல்கள் என்ற இணைப்புப் படிவங்கள் எதையும் அனுப்பவில்லை. காசு வாங்கிக்கொண்டு தாக்கல் செய்பவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஐஆர்எஸ் தந்த பி.டி.ஐ.என். என்ற அடையாள எண்ணையும் குறிப்பிட வேண்டும், முழு நகலையும் நமக்குத் தர வேண்டும். சட்டம் அப்படி. இவரோ நாங்களே செய்துகொண்டதுபோல அனுப்பியிருக்கிறார். அதற்காகத்தான் முந்தைய வருடத்து ஏஜிஐ தொகையை (சில கழிவுகள் போக வரும் மொத்த வருமானம்) இருவரிடமும் கேட்டு வாங்கினார். நாமே மின்தாக்கல் செய்யும்போது அடையாளத்துக்குக் கேட்கப்படும் எண் அது. முறையாக வரிப் படிவம் தயாரித்துத் தருபவர் 8879 என்ற படிவத்தில் நம் கையெழுத்தை வாங்கி அனுப்புவார். அந்தப் படிவமே எங்கள் கண்ணில் படவில்லை.

இந்த வருடம் என்ரோல்டு ஏஜென்ட், அதாவது ஐஆர்எஸ் உரிமம் பெற்ற வரி நிபுணர், ஒருவரிடம் போனபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவர் முதலில் கேட்டதே போன வருடத்து முழுப் படிவத்தை. பழைய ஆளிடம் கேட்டால், "எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன், லெட்டர் வந்தா பாத்துக்கலாம்" என்றார். மறுபடி கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ஐஆர்எஸ் இணையதளத்தில் நம் கணக்கைத் திறந்தால் தாக்கல் செய்த விவரங்களின் தொகுப்பான டிரான்ஸ்கிரிப்ட் இலவசமாகக் கிடைக்கும். அதில் அந்த 18,000 டாலர் நஷ்டத்தைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. சேர்ந்து போட்ட படிவத்தில் வரிக்கும் அபராதத்துக்கும் இருவருமே முழுப் பொறுப்பு. எழுதிக் கொடுத்தவரிடம் போய் ஐஆர்எஸ் வரியைக் கேட்காது, நம்மிடம்தான் கேட்கும்.

அப்புறம், புதிய ஏஜென்ட் என் கணவரைப் பற்றி நிறையக் கேட்டார். நியூ ஜெர்சியில் எத்தனை நாள் தங்கினார், உரிமம் எந்த மாநிலம், டாம்பா வீட்டு ஒப்பந்தம் எங்கே என்றெல்லாம். காரணம் இருக்கிறது. நிரந்தர வீடு இங்கே இருந்து வருடத்தில் 183 நாளுக்கு மேல் தங்கினால், வெளி மாநிலத்தவரையும் நியூ ஜெர்சி தன்னுடையவராக எடுத்துக்கொள்ளும். முன்பு இங்கேயே குடியிருந்துவிட்டு வேலைக்காக வெளியே போனவர்களுக்கு விதி இன்னும் கடுமை. அதனால் டிக்கெட், டோல் ரசீது, வாடகை ஒப்பந்தம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஃபெடரலுக்கு 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டு, அந்த 4,000 டாலரை வட்டியோடு திருப்பிக் கட்டினோம். ஐஆர்எஸ் நம்மைத் தேடி வருவதற்கு முன்பே நாமாகத் திருத்தினால், குறைத்துக் காட்டிய வரிக்கு விதிக்கும் 20 விழுக்காடு அபராதத்திலிருந்து பொதுவாகத் தப்பலாம். நியூ ஜெர்சிக்கும் திருத்தப் படிவம் அனுப்பி, என்னுடையதைத் தனித் தாக்கலாக மாற்றக் கேட்டிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. அந்த ஆள்மீது 14157 படிவத்தில் ஐஆர்எஸ்ஸுக்குப் புகார் கொடுத்தோம். நமக்குத் தெரியாமல் படிவத்தை மாற்றி அனுப்பியிருந்தால் 14157-ஏ என்ற படிவத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் கணக்கை அப்படியே எல்லா மாநிலத்துக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். ஒருவர் கலிஃபோர்னியாவிலும் மற்றவர் டெக்சாஸிலும் என்றால் நிலைமையே வேறு. இவை இரண்டும், அரிசோனா, வாஷிங்டன் உள்ளிட்ட இன்னும் ஏழும், தம்பதியின் சம்பளத்தை இருவருக்கும் பொதுவாகப் பார்க்கும் மாநிலங்கள். அங்கே தனித்தனியாகப் போட்டாலும் சம்பளத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டி வரலாம். அந்த ஊர் விதி தெரிந்தவரிடமே போங்கள்.

ஆளின் தகுதியை ஐஆர்எஸ் தளத்தில் உள்ள வரிப் படிவத் தயாரிப்பாளர் பட்டியலில் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம். என்ரோல்டு ஏஜென்ட், சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) போன்றவர்கள் அதில் இருப்பார்கள். அந்த ஆள் இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறார், இந்த சீசனிலும் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். யாரிடம் கொடுத்துத் தாக்கல் செய்திருந்தாலும் இன்றைக்கே உங்கள் டிரான்ஸ்கிரிப்ட்டை எடுத்து, ஷெட்யூல் சி பகுதியில் உங்களுக்குத் தெரியாத தொகை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் படிவத்தில் துணைவரின் சம்பளமும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க நியூ ஜெர்சியில் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு.